பதின்மூன்று அணிகள்: ஓர் என்பிஏ ஜர்னிமேனின் வாழ்க்கை எந்தக் கணக்கில் ஓடுகிறது

2022 ஜூலையில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் வாஷிங்டன் விசார்ட்ஸும் டென்வர் நகெட்ஸும் ஆளுக்கு இரண்டு வீரர்களைக் கைமாற்றிக்கொண்டன. டென்வருக்கு முக்கியமாக வேண்டியிருந்தவர் கென்டேவியஸ் கால்ட்வெல்-போப். அவரோடு சேர்ந்து போனவர் இஷ் ஸ்மித். புதிய சீசனில் நகெட்ஸ் சட்டையோடு ஸ்மித் களத்தில் இறங்கியதும் அவர் ஆடிய அணிகளின் எண்ணிக்கை 13 ஆயிற்று. என்பிஏ வரலாற்றில் அதுவரை வேறு யாரும் அத்தனை அணிகளுக்கு ஆடியதில்லை. சக்கி பிரவுன், டோனி மாசன்பர்க், ஜிம் ஜாக்சன், ஜோ ஸ்மித் ஆகிய நால்வரும் 12 அணிகளோடு அதுவரை முன்னே நின்றார்கள்.

இப்படி அணி மாறிக்கொண்டே இருப்பவரை ஜர்னிமேன் என்கிறார்கள். எங்கும் காலூன்றாதவர், எந்த அணிக்கும் வேண்டாதவர் என்று ரசிகர்கள் அவரை எளிதாக ஒதுக்கிவிடுவதுண்டு. கணக்கைத் திருப்பிப் பார்த்தால் வேறொன்று தெரியும். 13 அணிகள் ஒருவரை விட்டன என்றால், 13 அணிகள் அவரைத் தேடி எடுத்தன. இஷ் ஸ்மித்தின் என்பிஏ வாழ்க்கை 2010-ல் தொடங்கி 14 சீசன்கள் நீடித்தது. அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றிலேயே தேர்வான எத்தனையோ பேர் நான்காம் ஆண்டில் காணாமல் போகும் லீக் இது. இத்தகைய வாழ்க்கையை ஆட்டத்திறமை மட்டும் வடிவமைப்பதில்லை. ஒப்பந்த விதிகள், தேதிகள், அணியில் இருக்கும் இடங்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றுக்கும் அதில் சம பங்கு உண்டு. அவற்றைப் புரிந்துகொள்ளாமல் அந்த வீரரைப் புரிந்துகொள்ள முடியாது.

நம் ஊரில் கூடைப்பந்தில் தேறியவருக்குப் பெரும்பாலும் வங்கியிலோ ரயில்வேயிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். ஆட்டம் ஓய்ந்த பிறகும் அந்த வேலை இருக்கும். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே ஒப்பந்தம் முடிந்தால் சம்பளமும் முடிந்தது.

இடங்கள் மொத்தம் 450

என்பிஏவில் 30 அணிகள். ஒவ்வொன்றிலும் முழு ஒப்பந்தத்தில் 15 பேர் இருக்கலாம். ஆக மொத்தம் 450 இடங்கள். இவற்றோடு 'டூ-வே' என்ற இரட்டை ஒப்பந்தத்தில் அணிக்கு மூன்று பேர். இவர்கள் என்பிஏ அணிக்கும், ஜி லீக் என்ற கீழ்நிலை லீக்கில் ஆடும் அதன் கிளை அணிக்கும் இடையே போய்வருபவர்கள்.

பதினைந்து பேரில் முதல் எட்டு ஒன்பது பேர்தான் ஒழுங்காக ஆடுவார்கள். அவர்களுடைய இடம் பல ஆண்டு ஒப்பந்தங்களால் காப்பாற்றப்பட்டிருக்கும். பத்து முதல் பன்னிரண்டு வரை பெரும்பாலும் டிராஃப்டில் எடுத்த இளைஞர்கள். அணி அவர்களை வளர்க்க நினைப்பதால் அவர்களும் ஓரளவு பத்திரம். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து என்ற கடைசி இடங்கள்தான் ஜர்னிமேன்கள் போய்வரும் வாசல். நட்சத்திர வீரருக்குக் காயம் பட்டால் இந்த இடத்தில் புதியவர் வருவார். இரண்டு பேரைக் கொடுத்து மூன்று பேரை வாங்கினால் இந்த இடத்தில் இருப்பவர் போவார்.

2015 பிப்ரவரி 19 இதற்குத் துல்லியமான உதாரணம். வீரர்களைக் கைமாற்றுவதற்கான கடைசி நாள் அது. இஷ் ஸ்மித் அப்போது ஓக்லஹோமா சிட்டி தண்டரில் இருந்தார். யூட்டா, டெட்ராய்ட் அணிகளோடு தண்டர் ஒரு முத்தரப்பு ஏற்பாடு செய்தது. ரெஜி ஜாக்சன், கெண்ட்ரிக் பெர்கின்ஸ், கிராண்ட் ஜெரெட் ஆகிய மூவர் வெளியே. எனஸ் கான்டர், ஸ்டீவ் நோவாக், டி.ஜே. அகஸ்டின், கைல் சிங்லர் ஆகிய நால்வர் உள்ளே. மூன்று போய் நான்கு வந்தால் ஒரு இடம் குறையும். ஸ்மித்துக்கும் அந்த ஏற்பாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனால் அந்த ஓர் இடத்துக்காக அவரை அதே நாளில் நியூ ஆர்லியன்ஸ் பெலிகன்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். பெலிகன்ஸும் உடனே விடுவித்துவிட்டது. பிறகு பிலடெல்பியா 76ers எடுத்துக்கொண்டது. அந்தக் கைமாற்றத்தில் அவர் நன்றாக ஆடினாரா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை.

ஆண்டை நடத்தும் தேதிகள்

ஒரு ஜர்னிமேனின் முகவர் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில் ஐந்தாறு தேதிகளுக்கு வட்டம் போட்டிருப்பார். ஜூன் 30 மாலை ஒப்பந்தச் சந்தை திறக்கும். முதல் வாரத்திலேயே பெரிய பணம் தீர்ந்துவிடும். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் நடுத்தரப் பணம் போகும். ஆகஸ்ட் பிறந்த பிறகும் கையில் எதுவும் இல்லையென்றால் மிஞ்சுவது குறைந்தபட்சச் சம்பளம், அல்லது பயிற்சி முகாமுக்கான உறுதியில்லா ஒப்பந்தம்.

இந்த உறுதியில்லா ஒப்பந்தத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'ஓராண்டு ஒப்பந்தம்' என்று செய்தி வரும். உள்ளே உறுதி செய்யப்பட்ட தொகை பூஜ்யமாக இருக்கும். சீசன் தொடங்குமுன் விடுவித்தால் அணி கொடுக்க வேண்டியது முகாமுக்கான படி மட்டும். சீசன் தொடங்கிவிட்டால் அணியில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் சம்பளம் ஏறும். ஜனவரி 10 அன்றும் அணியில் இருந்தால் ஆண்டு முழுவதற்கான பணமும் உறுதியாகிவிடும். விடுவிக்கப்பட்டவர் 48 மணி நேரம் மற்ற அணிகளின் பார்வைக்கு வைக்கப்படுவார் என்பதால், அணிகள் ஜனவரி 7-க்குள் முடிவெடுத்தாக வேண்டும். எனவே ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் வாரத்தில், நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் சிலரும்கூடத் திடீரென்று வெளியேறுவார்கள். ஜனவரி 8 காலையில் இன்னும் அணியில் இருப்பவர் அன்றைக்கு ஆடாவிட்டாலும் ஜெயித்தவர்தான்.

அந்த 48 மணி நேரத்துக்குள் இன்னோர் அணி கை தூக்கினால் பழைய ஒப்பந்தம் அப்படியே அங்கே போகும். ஒரே வீரரைப் பல அணிகள் கேட்டால், பட்டியலில் பின்தங்கிய அணிக்கு முன்னுரிமை. யாரும் கேட்காவிட்டால் அவர் எங்கும் சேரலாம். உறுதியான பணம் ஏதாவது பாக்கி இருந்தால் பழைய அணி கொடுக்கும். மார்ச் 1 இன்னொரு எல்லை. அதற்குப் பிறகு விடுவிக்கப்பட்டவர் வேறு அணியில் சேரலாம், ஆனால் கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளான பிளேஆஃப் ஆட முடியாது. கோப்பைக்கு ஆடும் அணியில் கடைசி இடத்தைப் பிடிக்க நினைக்கும் மூத்த வீரர் பிப்ரவரி மாதத்திலேயே பழைய அணியோடு பேசி, கொஞ்சம் பணத்தை விட்டுக்கொடுத்து வெளியே வருவது இதனால்தான்.

பத்து நாள்

ஜனவரி 5 முதல் பத்து நாள் ஒப்பந்தங்கள் தொடங்கும். பத்து நாள் அல்லது மூன்று ஆட்டங்கள், இவற்றில் எது நீளமோ அது கால அளவு. ஒரே அணி ஒரே சீசனில் ஒருவருக்கு இரண்டு முறைதான் இதைக் கொடுக்கலாம். மூன்றாம் முறை வேண்டுமென்றால் சீசன் முடியும்வரை ஒப்பந்தம் போட்டாக வேண்டும், இல்லையேல் அனுப்ப வேண்டும்.

சம்பளம் நாள் கணக்கு. 2024-25 சீசன் 174 நாள். அவ்வாண்டு புதியவரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 11,57,153 டாலர். அதை 174-ஆல் வகுத்துப் பத்தால் பெருக்கினால் 66,503 டாலர். பத்தாண்டோ அதற்கு மேலோ ஆடியவருக்குக் குறைந்தபட்சம் 33,03,771 டாலர். அவருடைய பத்து நாள் கணக்கு ஏறத்தாழ 1,89,872 டாலர். ஜி லீக்கில் அதே சீசன் முழுவதும் ஆடினால் கிடைப்பது 43,000 டாலரும் தங்குமிடமும் காப்பீடும். பத்து நாள் அழைப்புக்காக எத்தனையோ பேர் வெளிநாட்டில் கிடைக்கும் பெரிய பணத்தை விட்டு ஜி லீக்கில் காத்திருப்பதன் கணக்கு இந்த இரண்டு எண்களுக்கு இடையே இருக்கிறது.

பத்து நாளில் என்ன நடக்கும்? முதல் நாள் விமானம், மருத்துவச் சோதனை, கையெழுத்து. இரண்டாம் நாள் உதவிப் பயிற்சியாளரோடு வீடியோ. என்பிஏ அணிகள் சீசன் நடுவில் முழுப் பயிற்சி வைப்பதே அரிது. ஆட்ட நாள் காலையில் ஒரு மணி நேரம் மெல்ல நடந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். பத்து நாளில் நான்கைந்து ஆட்டம் வரும். அதில் இரண்டில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கலாம். மற்ற இரண்டில் ஆட்டம் முடிவாகிவிட்ட கடைசி நான்கு நிமிடம் கிடைக்கலாம். இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்ற அவசரத்தில் பந்து கைக்கு வந்ததும் எறிகிறார்கள். பயிற்சியாளர் அந்த நான்கு நிமிடத்தில் பார்ப்பது புள்ளிகளை அல்ல. தற்காப்பில் சரியான இடத்தில் நிற்கிறாரா, சொன்ன நகர்வை நினைவில் வைத்திருக்கிறாரா, டைம்அவுட்டில் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதைத்தான்.

சில வேளை ஒரே எறி ஒப்பந்தத்தை மாற்றும். 2010 ஜனவரி 14 அன்று யூட்டா ஜாஸ் அணியில் பத்து நாள் ஒப்பந்தத்தில் இருந்த சண்டியாட்டா கெயின்ஸ், லெப்ரான் ஜேம்ஸ் ஆடிய கிளீவ்லண்டுக்கு எதிராக, நேரம் முடியும் கணத்தில் மூன்று புள்ளி எறிந்து 97–96 என்று ஜெயிக்கவைத்தார். ஜாஸ் அவரைச் சீசன் முடியும்வரை வைத்துக்கொண்டது. ஆனால் அடுத்த சீசனில் அவர் மினசோட்டா, டொரான்டோ, நியூ ஜெர்சி என்று மூன்று அணிகளில் அலைந்தார். அதற்கடுத்த சீசனோடு என்பிஏ வாசல் அவருக்கு மூடிவிட்டது. ஓர் எறி பத்து நாளை ஒரு சீசனாக்கும். அதற்கு மேல் அது தாங்காது.

இதற்கு மறுபக்கம் ஆண்ட்ரே இங்ரம். ஜி லீக்கில் பத்தாண்டு ஆடிய அவரை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் 2018 ஏப்ரலில் சீசனின் கடைசி இரண்டு ஆட்டத்துக்கு அழைத்தது. 32 வயதில் முதல் என்பிஏ ஆட்டம், 19 புள்ளிகள். அரங்கம் ஆரவாரித்தது. அந்த இரவை யார் பார்த்தாலும் மனம் நெகிழும். அப்படி ஒருவர் பத்தாண்டு கண்ணெதிரே இருந்தும் ஓர் இடம் கிடைக்கவில்லை என்பதையும் அதோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

மூத்தவரின் விலை

அனுபவம் ஏற ஏறக் குறைந்தபட்சச் சம்பளமும் ஏறும் என்றால், அணிகள் மலிவான இளைஞரை எடுத்துவிட்டு மூத்தவரை ஒதுக்காதா? ஒதுக்கும் என்று தெரிந்துதான் லீக்கும் வீரர் சங்கமும் ஒரு விதியை வைத்தன. மூன்றாண்டு அல்லது அதற்கு மேல் ஆடிய ஒருவர் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஓராண்டு ஒப்பந்தம் போட்டால், அணியின் கணக்கில் ஏறுவது இரண்டாண்டு அனுபவக்காரரின் குறைந்தபட்சம் மட்டும். 2024-25-ல் அது 20,87,519 டாலர். மீதியை லீக்கின் பொது நிதி கொடுத்துவிடும். அதாவது பதினைந்தாண்டு ஆடியவரும் இரண்டாண்டு ஆடியவரும் அணிக்கு ஒரே விலை. இந்த ஒரு விதி இல்லையென்றால் 35 வயதில் ஆடும் ஜர்னிமேன்களில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள் என்பது என் கணிப்பு.

விதியில் ஒரு கொக்கியும் இருக்கிறது. இந்தச் சலுகை ஓராண்டு ஒப்பந்தத்துக்கு மட்டும். இரண்டாண்டு கேட்டால் முழு விலையும் அணியின் தலையில். எனவே மூத்த ஜர்னிமேன் ஒவ்வோர் ஆண்டும் கோடையில் மறுபடி வேலை தேட வேண்டியவராகிறார். ஒரே அணியோடு மூன்று சீசன் தொடர்ந்து இருந்தவரை அந்த அணி, தன் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் உச்சவரம்பைத் தாண்டியும் தக்கவைக்கலாம் என்று இன்னொரு விதி உண்டு. ஆண்டுக்கு ஓர் ஊர் மாறுபவருக்கு அந்த மூன்று சீசன் சேரவே சேராது. அலைச்சல் அலைச்சலை வளர்க்கிறது.

அந்த விதியின் மதிப்பு எவ்வளவு என்பதற்கு ஜோ ஸ்மித் சாட்சி. 1995 டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானவர். மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அவரைச் சில ஆண்டுகள் சிறிய சம்பளத்தில் வைத்திருந்து, தக்கவைக்கும் உரிமை கிடைத்ததும் பெரிய தொகை தருவதாக ரகசியமாக எழுதிக்கொடுத்தது. 2000-ல் அது வெளியே வந்தது. லீக் 35 லட்சம் டாலர் அபராதம் போட்டு, முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகளையும் பிடுங்கியது. ஜோ ஸ்மித்தின் ஒப்பந்தம் செல்லாமல் போயிற்று. முதல் தேர்வாக வந்தவர் 12 அணிகளில் போய் முடிந்ததற்குக் காயமும் வயதும் போல அந்த ரகசிய ஏற்பாடும் ஒரு காரணம்.

இஷ் ஸ்மித்தை ஏன் திரும்பத் திரும்ப எடுத்தார்கள்

வட கரோலினாவின் ஷார்லட்டில் பிறந்து, வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு ஆடியவர் ஸ்மித். உயரம் 1.83 மீட்டர். 2010 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. ஹூஸ்டன் முகாமில் இடம் பிடித்தார். அடுத்த பிப்ரவரியில் ஷேன் பேட்டியரோடு சேர்த்து மெம்ஃபிஸுக்கு அனுப்பப்பட்டார். பிறகு கோல்டன் ஸ்டேட், ஒர்லாண்டோ, மில்வாக்கி, ஃபீனிக்ஸ், மறுபடி ஹூஸ்டன், ஓக்லஹோமா சிட்டி. மூன்று புள்ளி எறிவதில் அவர் என்றுமே நம்பகமானவராக இருந்ததில்லை. இன்றைய ஆட்டத்தில் பந்தை ஏந்தி ஆட்டத்தை நடத்தும் குட்டையான வீரருக்கு, அதாவது ஒரு சிறிய கார்டுக்கு, இதைவிடப் பெரிய குறை இல்லை. பந்தைக் கையில் வைத்திருக்கும் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தினால் எதிரணி அவரை விட்டுவிட்டு நட்சத்திரத்தை இருவராக மறிக்கும். அதனால்தான் தொடக்க ஐவரில் அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை.

ஆனால் நட்சத்திரம் ஓய்வெடுக்கும் பன்னிரண்டு, பதினைந்து நிமிடங்கள் இருக்கின்றன. அந்த நேரத்தில் பெஞ்சிலிருந்து வரும் ஐவருக்குப் பந்தை அரைக்களம் தாண்டிக் கொண்டுபோய், ஒழுங்காக ஒரு நகர்வைத் தொடங்கி, எதிரணிக்குப் பந்தைத் தாரைவார்க்காமல் இருக்க ஒருவர் வேண்டும். ஸ்மித்தின் மூலதனம் வேகம். இன்னும் சரியாகச் சொன்னால், வேகத்தை மாற்றும் திறன். முழு வேகத்தில் போய் ஃப்ரீத்ரோ கோட்டருகே சட்டென்று நின்று, தடுப்பவர் பின்னால் சாயும் கணத்தில் குட்டையாக எறிவார், அல்லது உயரமான வீரர் கைக்கு மேலே தூக்கிப் போடுவார். இந்த ஆட்டத்துக்கு அணியின் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. ஒருவர் ஸ்கிரீன் வைத்தால், அதாவது தடுப்பவரின் வழியில் நின்று மறித்தால், போதும். புதிய அணியில் மூன்றாம் நாளே அதை ஆட முடியும். எங்கேயும் பொருந்துகிற திறமை என்றால் இதுதான்.

மற்றதைப் படிக்க வேண்டும். எல்லா அணிகளும் ஆடும் நகர்வுகளில் பெரும்பகுதி பொதுவானதே. பெயர்கள்தான் வேறு. ஓர் அணியில் கையை மூடிக் காட்டுவது இன்னோர் அணியில் விரலை உயர்த்திக் காட்டுவதாக இருக்கும். பாயின்ட் கார்டுக்கு இது இரட்டைச் சுமை. தன் இடம் மட்டும் தெரிந்தால் போதாது, நால்வரின் இடமும் தெரிந்திருக்க வேண்டும். தற்காப்பு இன்னும் கடினம். எதிரணி ஸ்கிரீன் வைக்கும்போது உயரமானவர் கூடைப்பக்கம் பின்வாங்குவது 'டிராப்'. ஆள் மாற்றிக்கொள்வது 'ஸ்விட்ச்'. பந்து வைத்திருப்பவரை ஸ்கிரீன் பக்கம் போகவிடாமல் பக்கக் கோட்டை நோக்கித் தள்ளுவது 'ஐஸ்'. பழைய அணியில் மூன்றாண்டு டிராப் பழகியவர் புதிய அணியில் ஐஸ் ஆட வேண்டிய கணத்தில் அரை அடி தவறான பக்கம் நின்றால் நேரே கூடைக்கு வழி திறந்துவிடும். தவறு அவருடையது என்று அரங்கில் யாருக்கும் தெரியாது. வீடியோ அறையில் எல்லோருக்கும் தெரியும்.

2015-ஐ மறுபடி எடுத்துக்கொள்வோம். அந்த வசந்தத்தில் பிலடெல்பியாவில் நன்றாக ஆடியும் ஸ்மித்தை அவர்கள் தக்கவைக்கவில்லை. வாஷிங்டன் முகாமுக்குப் போனார். சீசன் தொடங்கும் வேளையில் விடுவிக்கப்பட்டார். நியூ ஆர்லியன்ஸில் கார்டுகள் காயத்தில் படுத்திருந்ததால் பெலிகன்ஸ் அவரை எடுத்தது. பிலடெல்பியாவிலோ ஜலீல் ஒகாஃபோர், நெர்லன்ஸ் நோயல் என்று உயரமான இளைஞர்கள் இருந்தார்கள், அவர்கள் கைக்குப் பந்தைக் கொண்டுசேர்க்க ஆள் இல்லை. 1 வெற்றி, 30 தோல்வி. டிசம்பர் 24 அன்று பிலடெல்பியா இரண்டு இரண்டாம் சுற்று டிராஃப்ட் உரிமைகளைக் கொடுத்து, தானே கோடையில் போகவிட்ட ஸ்மித்தை விலைக்கு வாங்கியது. இரண்டு நாள் கழித்து ஃபீனிக்ஸில் இரண்டாவது வெற்றி. மீதியிருந்த 51 ஆட்டங்களில் 9 வெற்றி. அதுவும் மோசமான கணக்குதான். ஆனாலும் இளைஞர்கள் முதன்முறையாக ஒழுங்கான ஆட்டம் ஆடினார்கள். ஸ்மித்தின் சராசரி 14 புள்ளிகளைத் தாண்டியது, சக வீரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸான அசிஸ்ட் 7-ஐத் தொட்டது.

அந்தச் சில மாதங்கள் எப்போது அமைந்தன என்பதுதான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. 2016 கோடையில் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் வந்து, அணியின் சம்பள உச்சவரம்பு 7 கோடி டாலரிலிருந்து 9.4 கோடிக்குத் தாவியது. எல்லா அணிகளின் கையிலும் பணம். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் ஸ்மித்துக்கு மூன்றாண்டுக்கு 1.8 கோடி டாலர் கொடுத்தது. 28 வயதில் முதல் நிலையான ஒப்பந்தம். அதே ஆட்டத்தை ஓராண்டு முன்போ பின்போ ஆடியிருந்தால் இந்தத் தொகை வந்திருக்குமா என்பது சந்தேகம். மூன்றாண்டும் அவர் டெட்ராய்ட்டில் முழுதாக இருந்தார். பிறகு வாஷிங்டன் இரண்டாண்டுக்கு 1.2 கோடி டாலர் கொடுத்தது. அலைச்சல்காரர் என்று பெயரெடுத்தவர் நல்ல ஒப்பந்தம் கிடைத்ததும் ஐந்தாண்டில் இரண்டே ஊரில் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். பிறகு சொந்த ஊரான ஷார்லட், மறுபடி வாஷிங்டன், அப்புறம் டென்வர். 2023 ஜூனில் நகெட்ஸ் மயாமியை 4–1 என்று வென்று கோப்பையை எடுத்தது. ஸ்மித் அந்தத் தொடரில் அரிதாகவே களம் கண்டார். கோப்பை வென்றவர்களுக்குத் தரும் மோதிரம் அவருக்கும் உண்டு.

கடல் தாண்டினால்

என்பிஏ இடம் கிடைக்காதவருக்கு ஸ்பெயின், துருக்கி, இத்தாலி, சீனா, ஆஸ்திரேலியா, பிலிப்பைன்ஸ் எல்லாம் உண்டு. அங்கே ஒப்பந்தத்தில் எழுதும் தொகை பெரும்பாலும் வரி போகக் கைக்கு வருவது. வீடு, கார், ஆண்டுக்குச் சில விமானச் சீட்டுகள், முகவர் கட்டணம் எல்லாம் கிளப்பின் செலவு. மேலோட்டமாகப் பார்த்தால் சொகுசு. வம்பு வருவது வேறு வழியில். ஒரு கிளப்புக்கு வெளிநாட்டு வீரர் இத்தனை பேர்தான் என்று வரம்பு இருப்பதால், நான்கு ஆட்டம் தோற்றதும் முதலில் மாற்றப்படுவது அமெரிக்கர். சம்பளம் இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளிப்போவதும் நடக்கும். இன்ன நாளுக்கு மேல் தாமதமானால் வீரர் விலகலாம், முழுத் தொகையும் பாக்கியாக நிற்கும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தாக வேண்டும். தகராறு வந்தால் ஜெனீவாவில் இருக்கும் கூடைப்பந்து நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்ற வரியும் இருந்தாக வேண்டும். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா அமைத்த மன்றம் அது. அதன் தீர்ப்புக்குப் பணம் கட்டாத கிளப் புதிய வீரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி தடை வரும். இந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் உள்ளூர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

மருத்துவச் சோதனை இன்னொரு கண்ணி. வந்து இறங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் சோதனை முடிய வேண்டும், முடிந்த கணத்திலிருந்து ஒப்பந்தம் உறுதி என்று தேதியோடு எழுதவில்லையென்றால், கிளப் ஒரு வாரம் பயிற்சியில் ஆடவைத்துப் பார்த்துவிட்டு 'முழங்கால் சரியில்லை' என்று திருப்பி அனுப்பலாம். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போக முந்தைய கூட்டமைப்பின் அனுமதிக் கடிதமும் தேவை. என்பிஏவில் அணிகளுக்குக் காயம் மலிந்து ஆள் தேடும் பிப்ரவரியில் அந்தக் கடிதம் ஒரு வாரம் தாமதமானால் வாய்ப்பு இன்னொருவருக்குப் போய்விடும். சீன லீக் சீசன் சீக்கிரம் முடிந்துகொண்டிருந்த காலத்தில், அங்கே ஆடிவிட்டு வசந்தத்தில் என்பிஏவுக்குத் திரும்பியவர்கள் பலர். இரண்டு சம்பளமும் ஒரே ஆண்டில் கிடைத்தது.

கரெட் டெம்பிள் இந்த வழியாக வந்தவர். 2009-ல் டிராஃப்ட் ஆகவில்லை. முதல் சீசனிலேயே ஹூஸ்டன், சாக்ரமென்டோ, சான் அன்டோனியோ என்று மூன்று அணிகள். 2011-12-ல் இத்தாலியின் காசாலே மொன்ஃபெராட்டோவில் ஆடினார். பிறகு திரும்பி வந்து பத்தாண்டுக்கு மேல் நிலைத்தார். மொத்தம் 12 என்பிஏ அணிகள். வீரர் சங்கத்தின் துணைத் தலைவராகவும் இருந்தார். ஒப்பந்த விதிகளைத் தன் தோலில் படித்தவர் பேச்சுவார்த்தை மேசையில் உட்காருவது பொருத்தம்தான்.

கைக்கு வருவது

தலைப்புச் செய்தியில் வரும் தொகை கைக்கு வராது. சம்பளத்தில் 10 சதவீதத்தை லீக் பிடித்து வைக்கும். ஆண்டின் வருமானக் கணக்கு முடிந்த பிறகே அதில் எவ்வளவு திரும்பும் என்று தெரியும். கூட்டாட்சி வரி, ஆடப்போன ஒவ்வொரு மாநிலத்திலும் அங்கே வேலை செய்த நாட்களுக்கேற்ற வரி, முகவர் கட்டணம். டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் மாநில வருமான வரி இல்லை, கலிபோர்னியாவில் மிக அதிகம். ஆண்டில் மூன்று அணி மாறியவரின் வரிக் கணக்கு இருபது மாநிலங்களைத் தொடும். வாடகை வீட்டை ஓராண்டுக்கு எடுத்துவிட்டு மூன்றாம் மாதத்தில் கைமாற்றப்பட்டால் மீதி வாடகை யார் பொறுப்பு, பிள்ளைகளைப் பள்ளி மாற்றுவதா, குடும்பத்தை ஒரே ஊரில் நிறுத்திவிட்டுத் தனியே அலைவதா என்பதெல்லாம் இவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் வரும் கேள்விகள். அனுபவமுள்ளவர்கள் மாத வாடகை வீடோ ஹோட்டலோதான் எடுப்பார்கள்.

மூன்று சீசன் கணக்கில் சேர்ந்தால் லீக்கின் ஓய்வூதிய உரிமை கிடைக்கும். ஓய்வு பெற்ற வீரர்களுக்கான மருத்துவக் காப்பீடும் அந்த மூன்று சீசனிலிருந்தே தொடங்குகிறது. இரண்டு சீசன் ஆடியவருக்கும் மூன்று சீசன் ஆடியவருக்கும் இடையே இருக்கும் இடைவெளி, மூன்றுக்கும் எட்டுக்கும் இடையே இருப்பதைவிடப் பெரியது. இரண்டு சீசன் முடித்தவர்கள் மூன்றாவதுக்காக எந்த அணியின் எந்த முகாமுக்கும் போகத் தயாராக இருப்பதன் காரணம் இதுதான்.

வாசல் குறுகுகிறது

சக்கி பிரவுன் 1995-ல் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவில் ஒரு சிறு லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவர். சீசன் நடுவில் ஹூஸ்டன் அழைத்தது. அதே ஆண்டு அணி கோப்பை வென்றது. டோனி மாசன்பர்க்கை 1990-ல் டிராஃப்ட் செய்தது சான் அன்டோனியோ. பதினைந்தாண்டு அலைந்து, இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ஆடித் திரும்பி, 2005-ல் அதே சான் அன்டோனியோவில் கோப்பை பெற்றார். இந்த வழிகள் இன்று முன்போல் அகலமாக இல்லை.

2017-ல் டூ-வே ஒப்பந்தம் வந்தது. முதலில் அணிக்கு இருவர், 2023 முதல் மூவர். சம்பளம் புதியவரின் குறைந்தபட்சத்தில் பாதி. 2024-25-ல் ஏறத்தாழ 5.78 லட்சம் டாலர். 50 ஆட்டம் வரை என்பிஏ அணியோடு இருக்கலாம். சம்பள உச்சவரம்புக் கணக்கில் இது சேராது. நான்காண்டு அனுபவம் ஆகிவிட்டால் இந்த ஒப்பந்தம் கிடைக்காது. முன்பு ஜனவரியில் ஒரு கார்டுக்குக் கணுக்கால் பிசகினால் அணி தொலைபேசியை எடுத்து ஒரு ஜர்னிமேனை அழைக்கும். இப்போது கிளை அணியிலிருந்து 22 வயது இளைஞர் அன்று மாலையே வந்துவிடுகிறார், நகர்வுகளின் பெயர்களெல்லாம் ஏற்கெனவே தெரிந்தவராக. முகாமில் விடுவிக்கும் இளைஞரைத் தன் ஜி லீக் கிளையிலேயே நிறுத்திக்கொள்ள 'எக்ஸிபிட் 10' என்ற இணைப்பும் இருக்கிறது. அங்கே 60 நாள் தங்கினால் 2024-25-ல் 77,500 டாலர் வரை ஊக்கத்தொகை. பதினைந்தாவது இடத்தையும் பல அணிகள் இப்போது நிரப்புவதில்லை. 14 பேர் இருந்தால் விதிக்குப் போதும், சம்பளச் செலவு எல்லை மீறினால் லீக்குக்குக் கட்ட வேண்டிய ஆடம்பர வரியும் மிச்சமாகும்.

மீதமிருக்கும் இடங்களில் மூத்தவரை எடுக்கும் அணிகள் அவரிடம் எதிர்பார்ப்பது மாறிவிட்டது. டெம்பிள் 2023-ல் டொரான்டோ ராப்டர்ஸில் சேர்ந்தபோது அவருக்கு 37 வயது. களத்தில் நிமிடங்கள் சொற்பம். பயிற்சிக்கு முன் இளைஞரோடு வீடியோ பார்ப்பது, சாலைப் பயணத்தில் எத்தனை மணிக்குத் தூங்க வேண்டும் என்று சொல்வது, ஒப்பந்தத்தில் எந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று காட்டுவது ஆகியவை அத்தகைய மூத்தவருக்கு வரும் வேலைகள். குறைந்தபட்சச் சம்பள விதியால் அதற்கு அணி கொடுக்கும் விலை இரண்டாண்டுக்காரரின் விலைதான். எந்த அணியும் இதைவிட மலிவாக ஓர் ஆசிரியரைப் பெற முடியாது. ஆனால் அந்த ஆசிரியரின் இடம் அணிக்கு ஒன்றுக்கு மேல் இல்லை. அலைந்து ஆடிய நூறு பேர் முன்பு பகிர்ந்துகொண்ட வேலைக்கு இன்று முப்பது இடங்கள்கூட உறுதியில்லை.